அரை கிளாஸ் டீ

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. முக்கால்வாசி உண்மை. சின்னவள் நலம், மகள் நலம், அவள் வளர்க்கும் மீன்கூட நலம். மிச்சக் கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் காகிதமும் கையுமாக உட்கார்ந்தான் என்று நினைப்பீர்கள். இங்கே நான் தும்மினால் அங்கே அக்கா மாத்திரை சொல்கிறார். நாம் இருவரும் கல்யாணம் செய்துகொண்டது பெரியவள், சின்னவள் என்ற அக்கா தங்கையை அல்ல, ஒரே செய்தி நிலையத்தின் இரண்டு கிளைகளை. அதனால்தான் உங்கள் சலூன் முகவரிக்கு அனுப்புகிறேன். நீங்களும் துறைமுகத்தில் எங்கள் கிரேன் ஆபரேட்டர் அறைக்கே பதில் போடுங்கள்.

விஷயம் இதுதான். என் கேபினுக்குத் தரை கண்ணாடி என்று உங்களுக்குத் தெரியும். காலுக்கடியில் கப்பல், கப்பலுக்கடியில் கடல். இத்தனை வருஷமாக அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், பாட்டு பாடியிருக்கிறேன். போன வாரம் ஒரு கண்டெய்னரைத் தூக்கிப் பாதி உயரத்தில் கொண்டுபோகும்போது கீழே பார்த்தேன். நெஞ்சை யாரோ துண்டைப் பிழிவதுபோல் பிழிந்தார்கள். உள்ளங்கை நனைந்துவிட்டது, மூச்சு மேலே வரவில்லை. விழுந்துவிடுவேன் என்று நிச்சயமாகத் தோன்றியது. நெம்புகோலை விட்டுவிட்டேன், கண்டெய்னர் அந்தரத்தில் நின்றது. கீழே சிக்னல் காட்டும் வட்டம் இரண்டு கையையும் விரித்து என்ன என்று கேட்டார். ஹெல்மெட் உச்சியில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு வட்டம் இருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். மேலிருந்து எனக்குத் தெரிவதெல்லாம் அந்த வட்டமும், தடித்த கையுறை போட்ட இரண்டு கைகளும்தான். காற்று அதிகம் என்று வயர்லெஸில் புளுகினேன். வயர்லெஸில் எனக்குப் பதில் சொல்வது அலுவலகக் குரல்தான், அவர் பதிலெல்லாம் கையால்தான்.

அதற்குப் பிறகு இரண்டு முறை வந்துவிட்டது. மேலே ஏற முடியாத கிரேன் ஆபரேட்டர் எதற்கு ஆவான்? சின்னவளிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லக் கூடாது, அக்காவிடம் நிச்சயமாகக் கூடாது. உங்கள் உடம்பும் அக்காவின் முதுகுவலியும் எப்படி என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகலை

பிப்ரவரி 15

அன்புள்ள சகலைக்கு,

உன் கடிதத்தைச் சலூனில் ஒருவர் தலைக்கு மேலேயே பிரித்துப் படித்தேன். பாதி முடியோடு அவர் பாவம் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினை அணைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். முதலில் கண்டிப்பு, பிறகுதான் கொஞ்சல்.

உன் சுமைக்குக் கீழே ஆள் நிற்கிறான். அதை மறக்காதே. அடுத்த முறை வந்தால் காற்று, புயல் என்று கதை அளக்காமல் சுமையை நிறுத்து, இறங்கு. நாளைக்கே டாக்டரைப் பார். இந்த இரண்டுக்கும் நீ சரி என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

மற்றபடி எனக்குத் தெரிந்த வைத்தியம் நாற்காலியில் உட்காருபவனுக்குச் செய்வதுதான். வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு கிளாஸ் தண்ணீரை உட்கார்ந்து குடி. கையில் போன் வேண்டாம், சாவி வேண்டாம், செருப்பைத் தேடியபடி குடிக்க வேண்டாம். குடிப்பது மட்டும்தான் வேலை. சாயந்திரம் வந்ததும் ஒரு துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து முகத்தில் போட்டுக்கொண்டு, அது ஆறும்வரை சும்மா இரு. என் கடையில் ஊர்வம்பையெல்லாம் இழுத்து வைத்துப் பேசுகிறவன்கூடச் சூடான துண்டு முகத்தில் விழுந்ததும் குழந்தைபோல் அடங்கிவிடுவான். பணக்காரனா, கடன்காரனா, மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவனா, எல்லோருக்கும் ஒரே பலன்.

பெரியவளின் முதுகுவலி தேவலை. கைதான் சுருங்கிவிட்டது. கொஞ்ச நாளாக எனக்கு அரை கிளாஸ் டீதான் ஊற்றுகிறாள். ஏன் என்று கேட்டால், "வேணும்னா இன்னொரு தடவை வாங்கிக்கோங்க" என்கிறாள். பால்காரனோடு ஏதோ ஒப்பந்தம்போல. இரண்டாவது தடவை கேட்க எனக்கும் ரோஷம் இடம் கொடுப்பதில்லை.

அன்புடன்,
உன் அண்ணன்

மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். அரை கிளாஸ் விவகாரத்தில் நான் அக்கா பக்கம்தான், டீ குறைந்தால் தூக்கம் கூடும்.

டாக்டரைப் பார்த்துவிட்டேன். இதயத்தில் கோளாறு இல்லை, பயம்தான் நெஞ்சுவலி வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது என்றார். மாத்திரை கொடுத்தார், திரும்ப வரச் சொன்னார். வீட்டில் சொல்லுங்கள் என்றும் சொன்னார். அதற்குத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

தண்ணீர் குடிப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் இரண்டு வாய் குடிப்பதற்குள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அடுப்பு எரியவே இல்லை. இப்போது கொஞ்சம் பழகிவிட்டது. தண்ணீர் தொண்டையில் இறங்குவது தெரிகிறது.

துண்டுதான் ஆபத்தாகிவிட்டது. குளியலறையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது. துண்டை எடுத்தால் சின்னவள் வாசலில் நிற்கிறாள். "தோசைக்கல்லு எங்க வச்சேன்னு பாக்க வந்தேன்" என்றாள், குளியலறையில். நானும் இங்கே இல்லை என்று பதில் சொன்னேன். அன்று சாப்பிடும்போது இரண்டு பேரும் மகளிடம் மட்டுமே பேசினோம்.

கடை எப்படிப் போகிறது என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே. அடுத்ததில் எழுதுங்கள்.

அன்புடன்,
சகலை

மார்ச் 20

அன்புள்ள சகலைக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். டிரைவர் ஒரு பள்ளத்தையும் விட்டுவைப்பதாக இல்லை.

கடைக்கென்ன, ஓடுகிறது. இந்தக் காலத்தில் எவன் சவரம் செய்துகொள்கிறான்? எல்லோரும் தாடி. கத்தியை உறையில் போட்டு இழுப்பறையில் வைத்துவிட்டேன். கிராப்புக்கு மெஷின் இருக்கிறது. கூட இருப்பவர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறார். நான் வாயால் கடை நடத்துகிறேன்.

உன்னைப் பற்றித்தான் யோசனை. காலையில் ஏறுகிறாய், சாயந்திரம் இறங்குகிறாய். நடுவில் உன்னிடம் மனிதக் குரலில் பேசுவது வயர்லெஸ் ஒன்றுதான். அது உன்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்குமா? ஒரு நாளைக்கு ஒரு ஆளிடம், அவரால் உனக்கு ஒரு காரியமும் ஆக வேண்டியில்லாத ஒரு பேச்சு பேசு. பிறகு சாப்பாட்டை மேலே கட்டிக்கொண்டு போகாதே. கீழே வந்து யாரோடாவது சாப்பிடு. உன் வட்டத்தோடு சாப்பிடேன். இத்தனை வருஷம் கூட வேலை செய்கிறீர்கள், அவருக்குக் காரம் பிடிக்குமா பிடிக்காதா என்றாவது தெரியுமா உனக்கு?

தோசைக்கல்லைக் குளியலறையில் தேடியவள் உண்மையில் எதைத் தேடினாள் என்று யோசித்தாயா?

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? நீங்கள் சொன்னபடி பேசப் போய் முதல் நாளே மாட்டிக்கொண்டேன். கேன்டீன் அம்மாவிடம் முழங்கால் வலி தேவலையா என்று கேட்டேன். வலது காலில் ஆரம்பித்து இடது காலுக்கு வந்து, மருமகளைத் தாண்டி, ஷிஃப்ட் மணி அடித்த பிறகுதான் நிறுத்தினார். ஆனால் மறுநாள் என் தட்டில் யாருக்கும் இல்லாத ஒரு வடை இருந்தது.

பெரிய சங்கதி இனிமேல்தான். வட்டத்தோடு சாப்பிட ஒரு நாள் சோற்று டப்பாவுடன் இறங்கினேன். சிக்னல்காரர்கள் உட்காரும் கொட்டகைக்குப் போனேன். அந்த ஹெல்மெட் பெஞ்சில் இருந்தது. பக்கத்தில் ஒரு பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வட்டம் எங்கே என்று கேட்டேன். "நான்தான் சார்" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது, இந்த முறை தரையில் நின்றபடி. நான் பழகிய பெரியவர் எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டாராம். ஹெல்மெட் ஸ்டோருக்குத் திரும்பி, நடுவில் ஒருவர் போட்டு, போன வருஷத்திலிருந்து இந்தப் பெண்ணிடம் இருக்கிறது. நான் மேலேயிருந்து மூன்று பேரை ஒரே ஆளாக நினைத்துக் கையாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். புது வருஷத்துக்கு வயர்லெஸில் "என்ன பெரியவரே, பேரன் எப்படி இருக்கான்" என்று கேட்டேனே, அதற்கு ஏன் பதில் வரவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. சத்தத்தில் உங்கள் வார்த்தை புரியவில்லை சார், ஏதோ திட்டுகிறீர்கள் என்று நினைத்தேன் என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்குக் காரம் ஆகாது. வீட்டுக்குப் போகும் வழியில் சிரிப்பு போய்விட்டது. பெரியவர் கிளம்பிய நாளில்கூட நான் மேலேதானே இருந்திருப்பேன்? அண்ணாந்து கையாட்டியிருப்பார். நான் அதையும் சிக்னல் என்று நினைத்திருப்பேன். கஷ்டமாக இருந்தது, அண்ணே.

அன்புடன்,
சகலை

மே 11

அன்புள்ள சகலைக்கு,

பதில் தாமதம். கடையில் வேலை அதிகம். பேனாவும் சரியில்லை.

ஹெல்மெட் கதையை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பெரியவளிடம் சொல்ல முடியாத ரகசியம் என்பதால் தனியாகச் சிரித்தேன், அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அந்தக் கை சைகைகளுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அண்ணன்

மே 22

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் இவ்வளவு சிறியதாக வந்ததே இல்லை. உடம்பு சுகம்தானே?

சைகை கேட்டீர்கள். சுட்டுவிரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. இன்னொன்று உண்டு, அதிகம் பயன்படாதது. இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு நின்றால், எல்லாம் அப்படியே இருக்கட்டும், எதையும் அசைக்காதே என்று அர்த்தம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

திங்கட்கிழமை மறுபடியும் வந்தது. சுமை மேலே. உங்கள் கண்டிப்பு ஞாபகம் வந்தது, நிறுத்தினேன். வயர்லெஸில் காற்று என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "எனக்குப் பயமா இருக்கு. கொஞ்சம் நில்லுங்க" என்றேன். கீழே வட்டம் ஆட்களை எல்லாம் விலக்கிவிட்டார். பிறகு என் கண்ணில் படும் இடத்துக்கு வந்து நின்று, கையைக் கோத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அவ்வளவுதான். அவசரப்படுத்தவில்லை. நான் கடலைப் பார்க்காமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு வந்தது. மெதுவாக இறக்கி வைத்துவிட்டுக் கீழே வந்தேன்.

அன்றே சூப்பர்வைசரிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று போனேன், நாற்காலி போட்டார். டாக்டர் சொல்லும்வரை தரையில் வண்டி ஓட்டுகிறேன். வேலை போகவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸில் எழுதிய கடிதத்தையும் கெட்ட பேனாவில் எழுதிய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே நடுக்கம். என்ன அண்ணே?

அன்புடன்,
சகலை

ஜூன் 3

சகலைக்கு,

சூப்பர்வைசரிடம் சொல்லத் தெரிந்தவனுக்குச் சொந்தப் பெண்டாட்டியிடம் சொல்ல என்ன கேடு? ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியில் அவளுக்குத் தெரிந்தால் நன்றாக இருக்குமா? இன்றைக்கே சொல். நீ நிறுத்தி இறங்கினதைப் படித்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அது வேறு விஷயம்.

இங்கு நலம்.

அண்ணன்

ஜூன் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

அக்காவுக்கும் உங்களுக்கும் எங்கள் அன்பு. எங்கள் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? சொல்லிவிட்டேன்.

பயந்ததற்கு அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்கு முந்தி உங்களிடம் சொன்னதற்குத்தான் சாமியாடினாள். பிறகு பேச்சு நின்றது. கதவு, தட்டு, தண்ணீர்க்குழாய் எல்லாம் அவள் சார்பில் பேசின. அடுத்த நாள் நான் துண்டோடு உட்கார்ந்திருந்தபோது வந்து பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "நீங்க அழறீங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன். எதுக்குன்னு கேட்டா என்னைப் பிடிக்கலன்னு சொல்லிடுவீங்களோன்னு கேக்கல" என்றாள். அண்ணே, இத்தனை மாதமாக நான் உயரத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன், அவள் எனக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். கையைக் கோப்பதைச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது மகளும் நானும் கத்தினால் நடுவில் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறாள். வீடு அமைதியாகிறது, இல்லாவிட்டால் சிரிக்கிறது.

என் முறை முடிந்தது. உங்கள் முறை. நான் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதினீர்கள், ஒன்றைத் தவிர. இழுப்பறையில் கத்தி ஏன் கிடக்கிறது? ஊரில் எல்லோரும் ஒரே நாளில் தாடி வளர்க்க முடிவு செய்தார்களா? உன் சுமைக்குக் கீழே ஆள் நிற்கிறான் என்று எனக்கு எழுதியபோது, உங்கள் கத்திக்குக் கீழே இருக்கும் கழுத்தைத்தானே நினைத்தீர்கள்? கை எப்போதிலிருந்து நடுங்குகிறது? அக்காவுக்குத் தெரியுமா?

இதைச் சின்னவளிடம் சொல்லவில்லை. நீங்கள் எனக்குக் கொடுத்த வாக்கு உங்களுக்கும் உண்டு. ஆனால் நீங்கள் எனக்குச் சொன்ன இரண்டு நிபந்தனையும் உங்களுக்கு உண்டு.

அன்புடன்,
சகலை

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் இல்லை. அக்கா போனில் சாதாரணமாகத்தான் பேசுகிறார், உங்களைக் கேட்டால் கடையில் என்கிறார்.

எழுதக் கஷ்டமாக இருந்தால் எழுத வேண்டாம். வெறும் காகிதத்தை மடித்து அனுப்புங்கள், போதும். நான் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறேன். எங்கும் போகவில்லை.

சகலை

ஆகஸ்ட் 25

அன்புள்ள சகலைக்கு,

வெறும் காகிதம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வாய்க்காரன் என்று பெயர் வாங்கியவன் நான். இதை மூன்று நாளாக எழுதுகிறேன். எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும். பஸ்ஸும் இல்லை, பேனாவும் நல்ல பேனாதான்.

போன வருஷக் கடைசியில் ஆரம்பித்தது. ஒருவர் தாடையில் சின்னதாக ஒரு கீறல். அவர் பரவாயில்லை என்று சிரித்தார். நான் அன்றே கத்தியை உள்ளே வைத்தேன். கழுத்தைத்தான் நினைத்தேன், நீ சொன்னது சரி. ஆனால் கை போன சலூன்காரனிடம் என்ன மிச்சம்? அதை வீட்டில் சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று தோன்றியது. உனக்குத் தண்ணீர் குடி, துண்டு போடு என்று எழுதும் ஒவ்வொரு நாளும் நானும் அதையே செய்துகொண்டிருந்தேன். நீ தேறினால் எனக்கும் தேறும் என்று ஒரு நப்பாசை. உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல் கோபமாக வந்தது. வெறும் காகிதம் என்று எழுதினாயே, அதில்தான் கோபம் கரைந்தது.

டாக்டரிடம் போனேன். கொடிய வியாதி ஒன்றும் இல்லை, நடுக்கம் மட்டும்தான், மாத்திரையில் குறையும், முழுதாகப் போகாது என்றார். அன்று வீட்டுக்கு வந்து பெரியவளை உட்காரச் சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. இரண்டு கையையும் அவளுக்கு முன்னால் நீட்டினேன். அது தானாகச் சொல்லிற்று.

அவள் அதிரவில்லை. என் கை இரண்டையும் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். "எனக்குத் தெரியாதாங்க? உங்க சட்டையில டீக்கறை வர ஆரம்பிச்சப்பவே தெரியும். நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். சிந்தாம இருக்கட்டும்னுதான் அரை கிளாஸ் ஊத்தினேன்" என்றாள்.

சகலை, பால்காரனோடு ஒப்பந்தம் என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. கஞ்சத்தனம் என்று நான் மனசுக்குள் திட்டிக்கொண்டே குடித்த ஒவ்வொரு டீயையும் அவள் அளந்து ஊற்றியிருக்கிறாள். நான் வெட்கப்படாமல் இருப்பதற்காக. நான் அழுதேன். துண்டு எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

டாக்டர் உன்னை எப்போது மேலே ஏற விடுவார் என்று எழுது. ஏறாவிட்டாலும் குறைச்சல் இல்லை. சின்னவளுக்கும் மகளுக்கும் என் அன்பு. கேன்டீன் அம்மாவின் முழங்காலையும் கேட்டதாகச் சொல். இனிமேல் வீட்டு முகவரிக்கே எழுது.

இன்று காலை பெரியவள் டீயோடு வந்தாள். "அதான் எல்லாம் சொல்லியாச்சே, இனிமே முழுசா ஊத்தட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். "அரை கிளாஸே ஊத்து. ஆனா ரெண்டு தடவை வா."

உன் அண்ணன்